நானேக்காவின் வெள்ளைக் கையுறை

நானேக்கா என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயைத் திறந்தால் "நானே பண்ணிடறேன்", "நானே எடுத்துக்கறேன்", "நானே போயிட்டு வந்துடறேன்" என்றுதான் அவளுக்குப் பேச்சு வரும். அந்தப் பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் முன்பு வேலை பார்த்த ஒருத்தி கேலியாக நானேக்கா என்று கூப்பிட்டுவிட்டு, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். தமிழ் தெரியாத மற்றவர்கள் அதுதான் அவள் பெயர் என்று நம்பி, மரியாதையாக "மிஸஸ் நானேக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திருத்தவில்லை. திருத்துவது என்றால் இன்னொருவரிடம் "இப்படிக் கூப்பிடுங்கள்" என்று கேட்க வேண்டும் அல்லவா? அதற்கு இந்தப் பெயரே பரவாயில்லை என்று விட்டுவிட்டாள்.

யாரிடமாவது ஒரு வேலை சொல்வது என்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்வதற்குப் பதில் வியர்வையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேருகிற ரகம். இத்தனைக்கும் அவள் கணவன் பேருந்து ஓட்டுகிறவன்.

சலவைக்கூடம் ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது. வெயிலா மழையா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆவி, கஞ்சி வாசனை, மெஷின்களின் உறுமல், இவைதான் பருவகாலங்கள். இஸ்திரி மேஜைக்கு முன்னால் நின்று நின்றே அவளுக்கு வயது போய்க்கொண்டிருந்தது. சாய்வுப் பாதையின் உச்சியில் மட்டும் ஒரு கண்ணாடி அறை, சூப்பர்வைசருடைய அறை. அதற்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், ஒரு பேருந்து நிறுத்தம். அவள் கணவனின் வண்டி அந்த நிறுத்தத்தில் நின்றுதான் திரும்பும். சம்பளத்தையும் பதவியையும் விட அந்த ஜன்னல்தான் அவளுக்கு வேண்டும். வேலைக்கு நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, மழை பெய்கிறது, அவர் வண்டி போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ரொம்பப் பெரிய ஆசை இல்லை. ஆனால் ராத்திரி பகலாக அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அறைக்குப் போக ஒரு பரீட்சை உண்டு. அது மேனேஜரம்மாவின் கண்டுபிடிப்பு. சூப்பர்வைசராக ஆசைப்படுகிறவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஷிஃப்ட் முழுக்கக் கூடத்தை நடத்த வேண்டும். ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜரம்மா கையைப் பிடித்து, டாக்டர் நாடி பார்ப்பது போல, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஈரமோ கறையோ இருந்தால் பழைய மேஜைக்கே திரும்ப வேண்டியதுதான். தானே எல்லாவற்றையும் செய்கிற சூப்பர்வைசரைச் சுற்றி மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்பது அந்த அம்மாள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

போன வருடம் நானேக்கா அந்தப் பரீட்சைக்கு நின்றாள். கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஒரு தலையணை உறை கீழே கிடந்தது. குனிந்து எடுத்தாள், உதறினாள், கறை இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துக் கசக்கினாள், பிழிந்தாள். அதற்குப் பிறகுதான் கையுறை ஞாபகம் வந்தது. மேனேஜரம்மா கையில் இருந்த டீ ஆறுவதற்குள் பரீட்சை முடிந்துவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை சான்ஸ் தருவேன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் டக் டக் என்று குதிகால் செருப்போடு ஏறிப் போனார்.

அந்த ஒரே ஒரு தடவைதான் இப்போது வந்திருந்தது. அடுத்த வாரம்.

நல்ல வேளையாக நாத்தனார் லீவில் வந்திருந்தாள். கம்பெனிக்காரர்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுத்தருவது அவள் உத்தியோகம். வாயாடி. அண்ணியின் கதையைக் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

"உங்களுக்கு இங்கிலீஷ் வராதது பிரச்சனையே இல்ல அண்ணி. உங்களுக்குக் கேக்க வராது. அதான் பிரச்சனை. இங்கிலீஷ்ல அதுக்குன்னே ரெடிமேட் அச்சு வெச்சிருக்கான். ஆளையும் வேலையையும் மாத்தி மாத்திப் போட்டா போதும்."

"அச்சா?"

"ஆளை வேலை வாங்க நாலு வாசல். மேக், ஹேவ், கெட், லெட். இதோ, உங்க வீட்டுக்காரர் சோபால மல்லாந்து கிடக்கார். வெங்காயம் நறுக்கணும். 'மேக் ஹிம் கட்'னா அவருக்கு வேற வழியே இல்ல, நறுக்கித்தான் ஆகணும். 'ஹேவ் ஹிம் கட்'னா அது அவர் வேலைதான், நீங்க சொல்றீங்க, அவர் செய்றார், அவ்வளவுதான். 'கெட் ஹிம் டு கட்'னா பேசிப் பேசிக் கரைக்கணும்."

"லெட்?"

"அவர் பாட்டுக்கு நறுக்கட்டும்னு விடறது."

"விடறதுக்கு எதுக்குத் தனியா ஒரு வாசல்? சும்மா இருந்தா ஆச்சு."

நாத்தனார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்களுக்கு அதான் அண்ணி இருக்கறதுலயே கஷ்டமா இருக்கப் போகுது," என்றாள்.

அன்று சாயங்காலமே பயிற்சி தொடங்கிவிட்டது. சூடான பாத்திரம் இறக்குகிற பஞ்சு வைத்த சிவப்புக் கையுறை இரண்டை எடுத்து நாத்தனார் அண்ணியின் கையில் மாட்டினாள். கரடிக்குப் பாதம் வைத்தது போல இருந்தது. வீட்டுக்குள் இருக்கும்வரை கழற்றக் கூடாது. எது வேண்டுமானாலும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

நானேக்கா கணவன் முன்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள். "குட் யூ ப்ளீஸ் கட் த ஆனியன்ஸ்?"

"ஷ்யூர், ஷ்யூர்," என்றான் அவன் தாராளமாக. அசையவில்லை.

"அச்சு ரொம்ப மெத்துனு விழுந்துடுச்சு," என்றாள் நாத்தனார். "அடுத்தது போடுங்க."

"ஐ வாண்ட் யூ டு கட் த ஆனியன்ஸ்!"

"எனக்குந்தான் என்னென்னவோ வாண்ட் இருக்கு," என்று அவன் புரண்டு படுத்தான்.

அப்போதுதான் மாமியார் அறையிலிருந்து வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. மகனைப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். அவன் எழுந்து கத்தியைத் தேடப் போனான்.

"பாத்தீங்களா, அதான் மேக்!" என்று நாத்தனார் துள்ளினாள். "அம்மாவுக்கு அது பிறவியிலேயே வந்தது."

அந்த வாரம் வீடு வீடாக இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று இத்தனை வருடக் குடித்தனத்தில் தெரிந்துகொள்ளாத கணவன், சிவப்புக் கரடிப் பாதம் காட்டிய திக்கில் எல்லாம் ஓடினான். "யூ கட் ஸோ பியூட்டிஃபுல்லி!" என்று ஒரு நாள் அவள் கரைத்துப் பார்த்ததில் மனுஷன் உச்சி குளிர்ந்து, கேட்காத காய்களையும் நறுக்கித் தள்ளிவிட்டான். அதுதான் கெட் என்று அவளுக்கு அன்று விளங்கியது. நாத்தனார் தன் துணியைக் காயப்போட அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் அம்மாவிடம் தள்ளினான். அம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் இரண்டு கரடிப் பாதத்தையும் தூக்கிக் காட்டினாள். துணி வாளியிலேயே கிடந்து நாறியது. எல்லாரும் எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள், வேலைதான் நடக்கவில்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

மாமியாரும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே வாசலில் நின்று, காய் விற்கிறவனிடம், "லெட் மீ! லெட் மீ!" என்று அதட்டி, அவன் பொறுக்கிப் போட்ட தக்காளியைத் திருப்பிக் கொட்டிவிட்டுத் தானே பொறுக்கினாள்.

ஒரு விஷயம் நானேக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. தமிழில் "கொஞ்சம் அதை எடுத்துத் தாங்க" என்று சொல்ல நினைத்தால் உடனே கூச்சம் வந்து கழுத்தைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் சொன்னால் வருவதில்லை. யாரோ வேறு ஒருத்தி அவள் வாயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. அந்த வேறொருத்தி தைரியசாலி.

பரீட்சை நாள் வந்தது. மேனேஜரம்மா வெள்ளைக் கையுறையைத் தட்டில் வைத்து நீட்டினார். நானேக்கா போட்டுக்கொண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். கையை அவளே நம்பவில்லை.

கூடத்தில் முக்கியமானவர்கள் மூன்று பேர். மெஷின்காரர் ஆஜானுபாகு; மெஷினைத் தவிர யாரோடும் பேசமாட்டார். மடிப்புக்காரி நெட்டை, தொட்டால் சிணுங்குவாள். தள்ளுவண்டிக்காரர் எப்போதும் காதில் பாட்டு மாட்டியிருப்பவர்.

மெஷின்காரரிடம் "ப்ளீஸ்" என்று தொடங்கினாள். அவர் முகம் சுருங்கியது. சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது: இது அவர் வேலை, கெஞ்சினால் அவருக்கு அவமானம். "டவல்ஸ் ஃபர்ஸ்ட்," என்று சாதாரணமாகச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு டவலை அள்ளிப் போட்டார். ஹேவ்! மடிப்புக்காரியிடம் போய், "உன்னைப் போல விளிம்பு சேர்த்து மடிக்க இங்கே யாருக்கு வரும், இந்த மேஜை விரிப்புகளையும் பார்த்துக்கொள்கிறாயா?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் குழைத்துப் பூசினாள். சிணுங்கி சிரித்துக்கொண்டே விரிப்புகளை இழுத்துக்கொண்டாள். கெட்! தள்ளுவண்டிக்காரர் காதிலிருந்து பாட்டைப் பிடுங்காமல், அவர் எதிரே போய் மாமியார் பார்வை ஒன்றைப் பார்த்தாள். வண்டி ஓடியது. மேக்!

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சொன்னால் செய்கிறார்கள்! இத்தனை வருடமாக இது இவ்வளவு சுலபமாக இருந்ததா? கூடம் முழுக்க அவள் குரல் பறந்தது. மதியம்வரை கையுறை பால் போலவே இருந்தது. மேனேஜரம்மா மேலிருந்து எட்டிப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மேலே பெரிய விருந்து. அதற்கான மேஜை விரிப்புகள் இஸ்திரி போட்டு, உயரமான வண்டியில் அடுக்கித் தயாராக இருந்தன. கடைசியாகப் பெரிய மெஷினில் ஒரு சுமை திரைச்சீலை. "புட் த சோப்," என்று மெஷின்காரரிடம் சொன்னாள். சொன்னதும் பழைய பயம் உள்ளே எட்டிப் பார்த்தது. போடுவாரா? மறந்துவிட்டால்? போன வருடமாக இருந்தால் ஓடிப்போய்த் தானே போட்டிருப்பாள். இப்போது கை இல்லை, வாய்தான் இருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று மடிப்புக்காரியிடமும் சோப்பு போடச் சொன்னாள். பிறகு தள்ளுவண்டிக்காரரிடமும்.

மூன்று பேரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள்.

முதலில் மெஷின் இருமியது. கதவின் விளிம்பில் ஒரு வெள்ளை மீசை முளைத்தது. மீசை தாடியாகி, தாடி தரையைத் தொட்டு, பொங்கிப் பொங்கிப் புரண்டு வந்தது. கூடத்தின் பள்ளமான பக்கம் எது என்று நுரைக்குத் தெரிந்திருந்தது. நேரே விருந்து விரிப்பு வண்டியை நோக்கி நடந்தது.

நானேக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினாள். "ஸ்டாப் த மெஷின்! கெட் த மாப்! மேக் இட் ஸ்டாப்! ஹேவ் இட்... ஹேவ் இட்..." அச்சுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மெஷின்காரர் பொத்தானை அமுக்க ஓடி வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கூடத்தைக் கடந்து போனார். மடிப்புக்காரி அவரைப் பிடிக்கப் போய், இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். தள்ளுவண்டிக்காரர் காதில் பாட்டோடு ஒரு மேஜையின் மேல் ஏறி நின்றுவிட்டார்.

டக் டக் என்று மேனேஜரம்மா இறங்கி வந்தார். நுரை விரிப்பு வண்டியின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. ஒரு நொடி. கையை இறக்கி வண்டியை இழுத்துவிடலாம். விரிப்பு தப்பிக்கும், ஜன்னல் போய்விடும். நானேக்காவின் கை பாதி வழி இறங்கியும் விட்டது. அப்போது அவள் கண் எதிரே காலியாக இரண்டு கை தெரிந்தது. யாருடைய கை என்று அவள் பார்க்கவே இல்லை.

"யூ! லிஃப்ட் தட் எண்ட்! புல்! டோன்ட் லெட் கோ!"

அந்தக் கைகள் வண்டியைப் பிடித்தன, தூக்கின, இழுத்தன. பாதி வழியில் ஒரு குதிகால் செருப்பு நுரைக்குள் போய்ச் சேர்ந்தது. "புல்! வெரி குட்! யூ புல் ஸோ பியூட்டிஃபுல்லி!" என்று நானேக்கா கூடவே ஓடினாள். வண்டி சாய்வுப் பாதையில் ஏறி, உச்சியில், கண்ணாடி அறை வாசலில் போய் நின்றது. விரிப்புகளின் மேல் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதற்குள் மெஷின்காரர் எப்படியோ பொத்தானை எட்டிவிட்டார். கூடம் அமைதியானது. நுரை மட்டும் மெல்லிய சத்தத்தோடு உடைந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நானேக்கா நிமிர்ந்து, தான் யாரை வேலை வாங்கினோம் என்று பார்த்தாள்.

மேனேஜரம்மா இடுப்புவரை நுரையாக நின்றிருந்தார். ஒற்றைச் செருப்பு. மூக்கு நுனியில் கொஞ்சம் நுரை. நெருங்கி வந்து, நானேக்காவின் இரண்டு கையையும் பிடித்து, வழக்கம் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கையிலிருந்து சொட்டிய நுரை கையுறையில் ஊறியது. இரண்டும் தெப்பலாக நனைந்துவிட்டன.



"வெட்," என்றார் மேனேஜரம்மா.

"யூ மேட் இட் வெட், மேடம்," என்றார் மெஷின்காரர் கீழிருந்து. மெஷினைத் தவிர யாரோடும் பேசாத மனிதர்.

மேனேஜரம்மா தன் கையைப் பார்த்தார். நானேக்காவைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார் என்று புரியவே கூடத்துக்கு நேரம் பிடித்தது. கண்ணாடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நான் மேனேஜரான பிறகு என்னை ஒரு வண்டி இழுக்க வைத்தவர் யாரும் இல்லை," என்றார் ஆங்கிலத்தில், மூச்சு வாங்கியபடி. "நாளையிலிருந்து இந்த அறை உன்னுடையது. ஆனால் இனிமேல் ஒரு வேலையை ஒருவரிடம் சொல். ஒரு தடவை சொல். சொல்லிவிட்டு நம்பு."

நானேக்கா திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவளுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது; சிரித்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கதையைச் சொன்னாள். செருப்பு தொலைந்த இடம் வந்ததும் நாத்தனார் தரையில் உருண்டாள். கணவன் "யூ புல் ஸோ பியூட்டிஃபுல்லியா? அதை எனக்கு மட்டும்தான் சொல்றேன்னு நெனச்சேன்!" என்று கோபித்துக்கொண்டான். மாமியார் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சிரிப்பெல்லாம் ஓய்ந்ததும் ஒரு டீ இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றியது. நானேக்கா பழக்க தோஷத்தில் எழுந்தாள். "நானே போட்டு..."

பாதியில் நின்றாள். கால் விண் விண் என்று தெறித்தது.

"எந்த அச்சு அண்ணி?" என்றாள் நாத்தனார் குறும்பாக.

நாலு வாசலும் அவள் நாக்கு நுனியில் திறந்துதான் இருந்தன. அந்தத் தைரியசாலி, வாயை வாடகைக்கு எடுத்தவள், தயாராக நின்றாள். நானேக்கா அவளை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். கூச்சம் வந்து கழுத்தைப் பிடித்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று இருந்தாள்.

"ஏங்க," என்றாள் தமிழில். "கால் வலிக்குதுங்க. எனக்கு ஒரு டீ போட்டுத் தாங்களேன்."

யாரும் சிரிக்கவில்லை. கணவன் அவளைப் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து, பயிற்சிக்காக இல்லாமல், தனக்கென்று அவள் அவனிடம் கேட்ட முதல் பொருள் அது என்று அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. எழுந்து அடுப்படிக்குப் போனான்.

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு டப்பா திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது.

"சர்க்கரை எங்க இருக்கு?"

மேல் தட்டில், இடது பக்கம், நீல மூடி. நானேக்காவின் வாய் திறந்தது, முழங்கால் தானாக எழுந்தது. மாமியார் அவள் தோளில் கையை வைத்து அப்படியே அழுத்தி உட்கார வைத்தாள்.

"உக்காரு," என்றாள். "லெட் ஹிம்."